கால் வைக்க ஒரு கல்

உடைமர நிழலில் நிற்கிறேன் என்று பெயர்தான், நிழல் தலைக்கு மட்டும் இருக்கிறது, முதுகு வெயிலில் கிடக்கிறது. என் முறை வர இன்னும் பத்துப் பதினைந்து பேர் ஆக வேண்டும். எதிரே சிமென்ட் தளத்தில் வெள்ளைக் கோடு போட்டு வரைந்த எட்டு. ஒவ்வொருவராக அதற்குள் நுழைந்து, வளைந்து, இடுப்பில் நெளிந்து, மறுபடி வளைந்து, வெளியே வந்து கால் ஊன்றி நிற்கிறார்கள். பார்க்கப் பார்க்கக் கண் சொக்குகிறது. வண்டிகளின் உறுமல் மெல்ல மெல்ல அண்டாவில் சாம்பார் கொதிக்கிற சத்தமாக மாறிக்கொண்டு வருகிறது. நான் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், எனக்கு எல்லாச் சத்தமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். ஓட்டுவதில் எனக்குப் பயமே இல்லை. ஊரைச் சுற்றி வரச் சொன்னால் சுற்றி வந்துவிடுவேன். நிறுத்துவதுதான் பயம். வண்டி நிற்கிற அந்த ஒரு நொடியில் உலகம் இடது பக்கமாகச் சரியும், நான் காலை நீட்டுவேன், தரை அங்கே இருக்காது, இன்னும் கீழே எங்கேயோ இருக்கும். நாலரை அடி உயரம். ஆண்டவன் என்னைச் செய்துகொண்டிருக்கும்போது பாதியில் யாரோ கூப்பிட்டார்கள் போல. முதல் தடவை வந்தபோது எட்டை அழகாகப் போட்டு முடித்து, பிரேக் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிய பிறகு, நிறுத்தப் போய் வண்டியோடு அவர் காலடியிலேயே விழுந்தேன். இரண்டாம் தடவை நிறுத்துவதையே நினைத்துக்கொண்டு போனதில் எட்டின் இடுப்பிலேயே கால் ஊன்றிவிட்டேன். நடுவில் கால் ஊன்றினால் பெயில். இது மூன்றாவது. எல்.எல்.ஆர். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்று போனால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி ஒரு மாதம், இரண்டு மாதம். அத்தனை நாளும் இவர்தான் வண்டி ஓட்டுவார்.

இவர் அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு ஹாலோ பிளாக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆதிலிங்கம் என்று பெயர், என் வீட்டுக்காரர், இருபத்து நாலு வருஷமாக என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவதும் மாலையில் கூட்டி வருவதுமாக இருக்கிறவர். ஏழு கிலோமீட்டர். அந்த ஏழு கிலோமீட்டரில் நான் பார்த்ததெல்லாம் இவருடைய சட்டைக் காலர்தான், அது எந்த வருஷம் எப்படி நைந்தது என்று எனக்குத் தெரியும், சாலையில் எங்கே வளைவு என்று கேட்டால் தெரியாது. இப்போது கண் அழுத்தம். கண் டாக்டர் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி என் கண்ணில் வைத்து, இவ்வளவுதான் அவருக்குத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டியைத் தொடக் கூடாது என்றார். குழாய்க்குள் இவர் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தது. இவர் தொட்டார். எதிரே வருவதுதான் தெரிகிறதே, அது போதாதா என்றார். போன வாரம் பள்ளிக்கூடத் திருப்பத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வந்தது, நான் கத்தினேன், இவருக்கு நான் கத்துவதுதான் கேட்டது, பிள்ளையைத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் சத்துணவில் சாப்பிடுகிற பிள்ளை. மதியம் அதன் தட்டில் இரண்டு முட்டை வைத்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை போட்டேன், இந்தத் தடவை நீ லைசென்ஸ் எடுத்துட்டா நான் விட்டுடுதேன் என்றார் இவர். அப்படிப் பேசும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவருக்குப் பக்கத்தில் இல்லை.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை என்னைத் தொட்டு, அக்கா, உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்கிறாள். ரிஸ்வானா என்று பெயர் சொன்னாள், காயல்பட்டினம் பக்கம், கல்லூரியில் படிக்கிறாள். நாளைக்கு அவள் கல்லூரியில் தன் மனம் கவர்ந்த ஒருவரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். அவள் ஒரு பெண்ணைச் சொல்கிறாள், தனியாக மோட்டார் சைக்கிளில் இமயமலை வரைக்கும் போய் அதை வீடியோவாகப் போடுகிறவளாம், போனில் காட்டினாள், பனியும் மலையும் ஹெல்மெட்டும்தான் தெரிந்தன. பிடிக்கும் என்பதை எழுதிவிட்டாளாம், ஏன் பிடிக்கும் என்ற இடத்தில் நிற்கிறதாம். வரிசையில் எல்லாரையும் கேட்டுப் பார்க்கிறாள். முன்னால் நிற்கிறவர் ஏதோ ஒரு நடிகர் பெயரைச் சொல்லி, ஏன்னா, அவரு அவருதான் என்றார், அதோடு பேச்சு முடிந்தது. நான் சொன்னேன், எங்க ஊர் நர்ஸம்மா, எப்சிபா நர்ஸ். ஏன் அக்கா, பிரசவம் பார்த்தாங்களா என்கிறாள். இல்லை, அவங்க ஸ்கூட்டர் ஓட்டுவாங்க என்கிறேன். அவ்வளவுதானா என்பது போல என்னைப் பார்க்கிறாள். நானும் அங்கேதான் நிற்கிறேன். அவ்வளவுதானா. ஏன் என்று கேட்டால் நாற்பது வருஷமாக எனக்குள் ஒரு வெளிர் நீல ஸ்கூட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதைத் தவிர வேறு பதில் இல்லை.

கேட் மூடியிருக்கும். திருச்செந்தூர் போகிற வண்டிக்காக எங்கள் ஊர் ரயில்வே கேட்டை மூடினால் கால் மணி நேரம் யாருக்கும் விமோசனம் கிடையாது. மாட்டுவண்டிகள், சைக்கிள்கள், வாழைக்குலை ஏற்றிய லாரி, மதுரை பஸ், அதற்குள் தூங்கி வழிகிற ஜனங்கள், எல்லாம் நிற்கும். நானும் நிற்பேன், மூன்றாம் வகுப்பு, தோளில் பை. நர்ஸம்மா மட்டும் நிற்க மாட்டார். வெள்ளைச் சேலை, கியர் வைத்த பெரிய ஸ்கூட்டர், கப்பல் வேலைக்குப் போன அவர் கணவர் விட்டுப் போனது, அதன் மேல் அவர் ஒரு சின்னப் புறா மாதிரி உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கு முன்னால் ஒரு பஸ் திரும்புகிற அளவு இடம் உண்டு. அந்த இடத்தில் சுற்றுவார். மெதுவாக, ஒரே வேகத்தில், ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை, சில நாள் வட்டமாக, சில நாள் குறுக்கே போய் நெளிந்து திரும்பி. முந்தானை சற்றே தூக்கும். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் வாய் பேசாமல் நிற்க, ஒரே ஒரு ஆள் மட்டும் நிற்க மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரயில் வரும், தடதடவென்று போகும், புழுதி அடங்கும், கேட் மெல்ல எழும்பும், கடைசிச் சுற்றிலிருந்து அப்படியே நழுவி முதல் ஆளாக அவர் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விடுவார். யாரும் முந்த மாட்டார்கள். மதுரை பஸ் டிரைவர்கூட அவர் போகட்டும் என்று காத்திருப்பார். எனக்கு மூச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில் அம்மா நிற்பாள், அத்தை நிற்பாள், அடுப்படியில், வாசலில், ரேஷன் கடையில், யாராவது போ என்று சொல்லும்வரை நிற்பார்கள். நான் பெரியவளானால் நிற்க மாட்டேன் என்று அந்தக் கேட்டடியில் முடிவு செய்தேன். முடிவு செய்தவள் இருபத்து நாலு வருஷம் ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன் என்பது வேறு கதை.

பதினெட்டா, பத்தொன்பதா, எந்த டோக்கன் போகிறது. அந்த ஆள் கால் ஊன்றிவிட்டார், போச்சு. தலையைச் சொறிந்துகொண்டு வருகிறார். எட்டு, அதன் இடுப்பு, அந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரு தயக்கம் வருகிறது, எனக்கு மட்டுமில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு கல் கிடந்தது. சதுரமான கருங்கல், முழங்கால் உயரம்கூட இருக்காது, எதற்குக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதாவது எனக்குத் தெரியாது. ஒரு நாள் பெரிய வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊசி போட நர்ஸம்மா வருகிறார் என்று தெரிந்து, கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று நான் ஓடிப்போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வந்தார். தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி ஒரு சுற்று. என்னைப் பார்த்தார், சிரித்தார், மூன்றாவது சுற்று. எனக்காகத்தான் சுற்றுகிறார் என்று நினைத்தேன். ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. நான் கை தட்டினேன். அப்போது அப்பா வந்தார், "எந்திரிட்டி மூதி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் கல்லிலிருந்து இறக்கி முதுகில் ஒன்று வைத்தார். பொம்பளை ஸ்கூட்டர் ஓட்டி ஊர் எங்கே உருப்படும் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர் அவர். என் சந்தோஷம் பொறுக்காமல்தான் அடித்தார் என்று நினைத்தேன். அழுகையில் நர்ஸம்மா எங்கே நிறுத்தினார், எப்படி இறங்கினார் என்று பார்க்கவே இல்லை. அதைப் பார்த்திருந்தால் எல்லாமே அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்பா மேல் அந்த ஓர் அடிக்கான கோபத்தை முப்பது வருஷம் மனசுக்குள் வைத்திருந்தேன், அவர் செத்த பிறகும் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு கல்யாண வீடு. பன்னிரண்டு வருஷம் இருக்கும். பந்தி முடிந்து வெளியே வந்தால், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்து பாக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், கால் இரண்டும் தரையில் படாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன, சின்னப் பிள்ளைக்கு ஆடுவது போல. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நர்ஸம்மா. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன், கேட், ரயில், வட்டம், நிற்காதது, நான் முடிவு செய்தது. அவர் பாக்கை மென்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், முன்பல் இல்லாத வாயோடு. "ஏளா, நின்னா விழுந்துருவேம்ளா. காலு தரைக்கு வரணும்லா. கேட்டைத் திறக்கிறவரைக்கும் சுத்தாம என்ன செய்யச் சொல்லுத?" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நின்ற இடத்திலெல்லாம் விழுந்தாராம். மருந்துப் பெட்டி உடைந்து, முட்டி உடைந்து, ஒரு தடவை பல் உடைந்து. பிறகு ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டார்களாம், அவர் கேட்காமலேயே. அதன் மேல் கால் வைத்து இறங்குவார், அதன் மேல் நின்று ஏறுவார். பத்துப் பதினோரு ஊரிலும் கல் கிடந்தது. கேட்டடியில்தான் போட முடியாது, அது ரயில்வே இடம், இரண்டு தடவை போட்டதைக் கேட்கீப்பர் தூக்கிப் போட்டுவிட்டார். உங்க தெருவுலயும் ஒண்ணு கெடந்துச்சே, அது உங்க அப்பா உருட்டிக்கிட்டு வந்து போட்டதுதான் என்றார். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட, நாற்காலியிலிருந்து குதித்து இறங்கிப் போனார்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், அவ்வளவும் பயந்தானாம், நிற்கப் பயந்து சுற்றியிருக்கிறாள், நான் ஒரு கிறுக்கச்சி, நாற்பது வயது வரைக்கும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன் என்று. கல்லைப் பற்றியும் சொன்னேன். இவர் ம் என்றார். அப்புறம் குறட்டை. என் வாழ்க்கையில் இருந்த ஒரே பெரிய மனுஷி சரிந்து விழுந்த ராத்திரி இவருக்குத் தூக்கம் வருகிறது என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். அப்புறம் கோபம் போய்விட்டது, எப்போது போனது என்று தெரியாது. போன இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் இந்தப் பிள்ளைக்குச் சொல்ல வரவில்லை. பயமில்லாதவள் சுற்றினால் அது ஒரு வேடிக்கை. நின்றால் விழுவோம் என்று தெரிந்தவள் தினமும் காலையில் எழுந்து வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியில் ஏறினாளே, விழப்போகிற இடமெல்லாம் தெரிந்தும் ஏறினாளே. அத்தனை பேரும் கேட்டடியில் வாயைத் திறக்காமல் நின்றார்களே, அவர்களுக்கெல்லாம் தெரியும். மதுரை பஸ் டிரைவருக்குத் தெரியும், அதனால்தான் முந்த மாட்டார். வாய்க்கு வாய் ஏசுகிற என் அப்பாவுக்குத் தெரியும். ஊரே தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறது, நான் ஒருத்திதான் கை தட்டியிருக்கிறேன். யாரைப் பிடிக்கிறது எனக்கு இப்போது, சுற்றினவளையா, கல்லைப் போட்டுவிட்டு வெளியே சொல்லாமல் போனவரையா. மனசு ஒரு வளைவில் போய் மறு வளைவில் திரும்பி அதே இடுப்பில் வந்து மாட்டுகிறது. முப்பத்து நாலு என்று கூப்பிடுகிறார்கள். முப்பத்து நாலு, செல்லக்கனி ஆதிலிங்கம். நான்தான்.

இவர் வந்து வண்டியைப் பின்னால் பிடிக்க வேண்டும், புறப்படும்வரை சாயாமல். சுவரோரம் பார்க்கிறேன், ஆள் இல்லை. உட்கார்ந்திருந்த கல்லும் இல்லை. டீ குடிக்கப் போய்விட்டாரா, இந்த நேரத்திலா, தெரியாத இடத்தில் தட்டுத் தடுமாறி எங்கே போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவால் வா என்கிறார். ரிஸ்வானாதான் ஓடி வந்து பின்னால் பிடித்தாள். போங்க அக்கா என்றாள். போகிறேன். சக்கரம் உருண்டதும் எல்லாம் லேசாகிவிடுகிறது, எப்போதும் இப்படித்தான், தரை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. முதல் வளைவு. வெள்ளைக் கோடு என்னோடு வருகிறது. காற்றில் முந்தானை சற்றே தூக்குகிறது, என் சேலை பச்சை, ஆனாலும் ஓரக்கண்ணில் வெள்ளையாகத் தெரிகிறது. இடுப்பு. தாண்டிவிட்டேன். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் வருகிறது, தண்டவாளம் அதிர்கிறது, இல்லை, அது என் நெஞ்சு. இரண்டாம் வளைவு, திரும்புகிறேன், மறுபடி இடுப்பு, வெளியே வரும் வழி, அங்கே இன்ஸ்பெக்டர் நிற்கிறார், அவர் முன்னால்தான் நிறுத்த வேண்டும், இதோ வந்துவிட்டது, உலகம் சரியப்போகிற இடம். அப்போதுதான் இவரைப் பார்த்தேன். எட்டின் அடுத்த கோடியில், நான் நிறுத்த வேண்டிய இடத்திலிருந்து ஒரு வளைவு முழுக்கத் தள்ளி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, அந்த ஹாலோ பிளாக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார். செருப்புக் காலால் கோட்டைத் தடவிப் பார்க்கிறார். வைக்கிறார். இரண்டு விரற்கடை நகர்த்தி மறுபடி வைக்கிறார். நிமிர்ந்து, வேறு யாரோ நிற்கிற திசையைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அடப்பாவி மனுஷா. குறட்டை விட்டாயே அன்றைக்கு.

நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டரைத் தாண்டி, அவர் ஏதோ சொல்வதையும் தாண்டி, மறுபடி எட்டுக்குள் நுழைந்தேன். வளைந்தேன், இடுப்பில் நெளிந்தேன், கண் கலங்கிக் கோடு இரண்டாகத் தெரிந்தது, இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் போனேன். அந்தக் கோடியில் கல்லுக்குப் பக்கமாக வந்து பிரேக்கை மெல்லப் பிடித்தேன், இடது காலை நீட்டினேன். கல் இருந்தது. உலகம் சரியவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன், நிற்பது இவ்வளவு சுகமா என்று. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, ஒரு எட்டுத்தானே கேட்டேன், எதற்கு இன்னொன்று என்றார். கல்லைப் பார்த்தார். இவரைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அட்டையில் டிக் போட்டுவிட்டு, கல்லை எடுத்து ஓரமாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார். ரிஸ்வானா ஓடி வந்தாள். ரெண்டாவது ரவுண்டு சும்மா கெத்துக்குத்தான போட்டீங்க அக்கா என்று மூச்சு வாங்கக் கேட்டாள், அவள் கண்ணைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது, அது கல்லின் மேல் உட்கார்ந்து கை தட்டினவள் கண். இல்லைம்மா, எனக்கு நிறுத்த வராது, கால் வைக்க இடம் தேடிப் போனேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் டோக்கனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

இவர் மெல்ல என் பக்கம் வந்தார். கை வண்டியின் ஹேண்டிலைத் தேடி, காற்றைத் தொட்டு, பிறகு பிடித்துக்கொண்டது. முகம் எனக்கு ஒரு முழம் தள்ளித் திரும்பியிருந்தது. ஜெயித்துவிட்டேனா என்று கேட்கவில்லை. "சரியான இடத்துலதான வச்சேன்?" என்று கேட்டார்.

"சரியா வச்சிருந்திய. நாந்தான் கவனிக்காம ஒரு சுத்து கூடப் போயிட்டேன்" என்றேன்.